யூகாஸ் பர்சனல் ஸ்டேட்மென்ட்: மூன்று கேள்விகளும் 4000 கேரக்டர்களும்

பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் யூகாஸ் (UCAS) என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாகத்தான் போக வேண்டும். அந்த விண்ணப்பத்தில் மதிப்பெண், பள்ளி, முகவரி எல்லாம் கட்டங்களில் நிரப்புபவை. உங்கள் குரல் கேட்கும் ஒரே இடம் பர்சனல் ஸ்டேட்மென்ட். 2026ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து இதன் வடிவம் மாறிவிட்டது. முன்பு ஒரே நீண்ட கட்டுரை. இப்போது மூன்று கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டும். அண்ணன் அக்காமார் கொடுக்கும் பழைய மாதிரிகளும், கன்சல்டன்சிகளில் சுற்றிவரும் பழைய பிடிஎஃப்களும் அந்த ஒற்றைக் கட்டுரைக்கானவை. அவற்றை முன்னால் வைத்துக்கொண்டு எழுத உட்காராதீர்கள்.

கேள்விகள் இவை. ஒன்று: இந்தப் படிப்பை அல்லது பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறீர்கள்? இரண்டு: உங்கள் கல்வித் தகுதிகளும் படித்த பாடங்களும் இதற்கு உங்களை எப்படித் தயார்படுத்தின? மூன்று: வகுப்பறைக்கு வெளியே வேறென்ன செய்து தயாரானீர்கள், அந்த அனுபவங்கள் ஏன் பயனுள்ளவை?

மூன்றுக்கும் சேர்த்து மொத்தம் 4000 கேரக்டர். எழுத்து, இடைவெளி, நிறுத்தற்குறி, பத்தி பிரிப்பது எல்லாம் கணக்கில் வரும். ஒவ்வொரு பதிலும் குறைந்தது 350 கேரக்டராவது இருக்க வேண்டும். அதற்கு மேல் எப்படிப் பங்கிடுவது என்பது உங்கள் விருப்பம். ஆங்கிலத்தில் 4000 கேரக்டர் என்பது ஏறக்குறைய 600 முதல் 650 சொற்கள். ஏ4 தாளில் ஒரு பக்கத்துக்குச் சற்று கூட. இவ்வளவுதான் இடம். இதை மனதில் பதித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

யார் படிக்கிறார்கள், எதைத் தேடுகிறார்கள்

படிப்பவர் அந்தத் துறையின் ஆசிரியராகவோ, சேர்க்கை அலுவலராகவோ இருப்பார். அவர் கையில் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் இருக்கும். பெரும்பாலானவற்றில் மதிப்பெண்கள் நன்றாகவே இருக்கும். அவர் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்தப் பிள்ளைக்கு மூன்று ஆண்டுகள் இந்தப் பாடத்தோடு உட்கார்ந்திருக்க உண்மையான நாட்டம் இருக்கிறதா, பாடத்தைப் பற்றித் தானாக யோசிக்கத் தெரிகிறதா? நீங்கள் நல்லவர், உழைப்பாளி, ஒழுக்கமானவர் என்பதை ஸ்டேட்மென்ட்டில் நிரூபிக்கத் தேவையில்லை. அதைச் சொல்ல ஆசிரியர் தரும் பரிந்துரை தனியாக இருக்கிறது.

இங்கே நம் வீடுகளில் ஒரு குழப்பம் நடக்கிறது. முதுநிலைப் படிப்புக்குக் கேட்கும் எஸ்ஓபி என்ற நோக்க அறிக்கை, விசாவுக்காக எழுதும் விளக்கக் கடிதம், யூகாஸ் ஸ்டேட்மென்ட் மூன்றையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். குடும்பப் பின்னணி, அப்பாவின் வருமானம், படித்து முடித்துத் தாய்நாட்டுக்குத் திரும்புவேன் என்ற உறுதிமொழி, பிரிட்டனின் கல்வித் தரத்துக்குப் புகழுரை, இவற்றில் எதற்கும் யூகாஸ் ஸ்டேட்மென்ட்டில் இடமில்லை. ஒரே ஸ்டேட்மென்ட்தான் நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து இடங்களுக்கும் போகிறது. அதனால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எழுதக் கூடாது. மான்செஸ்டரைப் புகழ்ந்து எழுதினால் மற்ற நான்கு இடங்களிலும் அதைத்தான் படிப்பார்கள்.

தேர்ந்தெடுக்கும் ஐந்து படிப்புகளும் ஒரே பாடத்தில் அல்லது நெருங்கிய பாடங்களில் இருப்பது நல்லது. பொருளியலும், கணிதத்தோடு சேர்ந்த பொருளியலும் ஒரே ஸ்டேட்மென்ட்டில் அடங்கும். சட்டமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் அடங்காது. மருத்துவத்துக்கு அதிகபட்சம் நான்கு இடங்கள்தான் தேர்ந்தெடுக்கலாம். ஐந்தாவதாக உயிரிமருத்துவம் போன்ற ஒன்றை வைத்தாலும் ஸ்டேட்மென்ட்டை மருத்துவத்துக்கே எழுதுங்கள்.

எழுதுவதற்கு முன்: சரக்கு சேர்ப்பது

நேராகக் கணினி முன் உட்கார்ந்து முதல் வரியைத் தேடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. முதல் வரி கடைசியில் வரட்டும். ஒரு நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் செய்தது. இரண்டாவதில் அதில் புரிந்தது. மூன்றாவதில் அதற்கு அடுத்து என்ன செய்தீர்கள், அல்லது என்ன கேள்வி எழுந்தது. கடந்த இரண்டு ஆண்டுகளில் பாடத்தோடு தொடர்புள்ள எல்லாவற்றையும் முதல் பத்தியில் இறக்குங்கள்: செய்த பிராஜெக்ட், கேட்ட உரை, கடையில் வேலை, வீட்டில் தாத்தாவைப் பார்த்துக்கொண்டது, தோற்றுப்போன போட்டி எதுவானாலும் சரி.

இரண்டாவது பத்தி காலியாக இருக்கும் வரிகளை அடித்துவிடுங்கள். அவை சான்றிதழ்கள். ஸ்டேட்மென்ட்டுக்கு உதவாது. மூன்றாவது பத்தியும் நிரம்பியிருக்கும் வரிகள்தான் உங்கள் மூலதனம். ஒரு அனுபவத்தைச் செய்தது, புரிந்தது, அடுத்தது என்று ஒழுங்காகச் சொல்ல ஆங்கிலத்தில் 350 முதல் 450 கேரக்டர் வரை பிடிக்கும். இணைப்பு வாக்கியங்களையும் கழித்தால், மொத்த ஸ்டேட்மென்ட்டிலும் ஏழு அல்லது எட்டுக்கு மேல் அடங்காது. இருபதைத் திணிப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் அரை வாக்கியம்தான் தருகிறார்கள், அது பட்டியலாகிவிடுகிறது.

நோட்டில் ஏழு தேறவில்லையா? பயப்பட வேண்டாம், இரண்டு மாதம் இருந்தால் சேர்க்கலாம். லண்டனில் 1597இல் தொடங்கிய கிரெஷாம் கல்லூரியின் பொது உரைகள் இணையத்தில் இலவசம். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்களையும் இலவசமாகப் பார்க்கலாம். பிரிட்டனில் ஏ லெவல் (நம் பிளஸ் டூ நிலை) படிப்பவர்களுக்கு ஈபிக்யூ என்ற தனி ஆய்வுத் திட்டம் உண்டு. சுமார் 5000 சொற்களில் ஆய்வறிக்கை எழுதலாம். பத்துப் பாடங்களில் பதிவு செய்து பத்துச் சான்றிதழ் வாங்குவதைவிட, ஒரே உரையைக் கேட்டு, அதில் சொன்ன ஒரு விஷயத்தை நீங்களே சரிபார்த்துப் பார்ப்பது மேல்.

முதல் கேள்வி: ஏன் இந்தப் பாடம்

ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். சென்னையில் பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவி சிவில் இன்ஜினியரிங்குக்கு விண்ணப்பிக்கிறாள். அவளுடைய முதல் வரைவு இப்படித் தொடங்கக்கூடும்: “சிறு வயதிலிருந்தே வானளாவிய கட்டடங்களும் பாலங்களும் என்னை வியக்க வைத்தன. மனித குலத்துக்குச் சேவை செய்வதே என் கனவு.” இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அவளுடைய தெரு எங்கே?

திருத்திய வரைவு: “எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் புதிதாகக் கட்டிய பிறகும் வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கியது. கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலைக் கொண்டு தெருவின் ஏற்ற இறக்கத்தை அளந்தேன். வடிகாலின் வாய் சாலையைவிட உயரத்தில் இருந்தது. சாலையை மறுபடி போடும்போது மட்டத்தைச் சரிபார்க்காவிட்டால் நல்ல வடிகாலும் பயனற்றுப் போகும் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு, வடிகாலின் அளவையே எப்படி முடிவு செய்கிறார்கள் என்று தேடத் தொடங்கினேன்.” இதில் வியப்பு, கனவு, சேவை ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் இந்தப் பெண்ணுக்கு இத்துறையில் ஆர்வம் இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

முதல் பதிலுக்கு 1000 முதல் 1300 கேரக்டர் ஒதுக்கலாம். ஆர்வம் எங்கே தொடங்கியது என்பதற்கு இரண்டு மூன்று வாக்கியம் போதும். மீதி இடம் முழுக்க, பாடத்துக்குள் எந்தப் பகுதி உங்களை இழுக்கிறது என்பதற்கு. ‘சிவில் இன்ஜினியரிங் பிடிக்கும்’ என்பது பரந்த பேச்சு. ‘நகர வெள்ள வடிகால்’ என்று சொன்னால் பேச்சு தொடங்குகிறது. எதிர்காலத் திட்டம் இருந்தால் ஒரு வாக்கியம் எழுதலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். பதினேழு வயதில் அது தெரியாமல் இருப்பது குறையே அல்ல.

இந்தப் பதிலில் தவிர்க்க வேண்டியவை சில. அப்துல் கலாமின் மேற்கோள், காந்தியின் மேற்கோள், அகராதியிலிருந்து பாடத்தின் வரையறை ஆகியவற்றைப் படிப்பவர் அன்றைக்கே பலமுறை பார்த்திருப்பார். ‘பேஷன்’ (passion) என்ற சொல்லையும் ஒருமுறைகூட எழுதாமல் முடிக்கப் பாருங்கள். அதை நீக்கும்போது அந்த இடத்தில் ஒரு செயலை எழுத வேண்டிய கட்டாயம் தானாக வரும். அப்பா அம்மா அதே தொழிலில் இருக்கிறார்கள் என்பது காரணமாகாது. அவர்களோடு இருந்ததால் நீங்கள் எதைக் கவனித்தீர்கள் என்பது காரணமாகும்.

இரண்டாம் கேள்வி: படித்தது எப்படித் தயார்படுத்தியது

மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான், அதிகம் பயன் தரக்கூடிய இடமும் இதுதான். பெரும்பாலானோர் இங்கே மதிப்பெண்ணைத் திருப்பி எழுதுகிறார்கள்: “பத்தாம் வகுப்பில் 96 சதவீதம், பள்ளியில் இரண்டாமிடம்.” மதிப்பெண்கள் விண்ணப்பத்தின் வேறு பக்கத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. இன்னும் சிலர், “கணிதம் என் பகுத்தாய்வுத் திறனை வளர்த்தது, ஆங்கிலம் என் தொடர்பாற்றலை வளர்த்தது” என்று ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு திறனை ஒட்டிவைக்கிறார்கள். எந்த மாணவருக்கும் பொருந்தும் வாக்கியம் எந்த மாணவரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை.

செய்ய வேண்டியது இது: நீங்கள் விண்ணப்பிக்கும் படிப்பின் முதலாண்டுப் பாடப் பட்டியலைப் பல்கலைக்கழக இணையதளத்தில் திறந்து வையுங்கள். ஐந்து இடங்களிலும் பார்த்தால் நான்கைந்து தலைப்புகள் பொதுவாக வரும். சிவில் என்றால் கட்டமைப்பு, மண்ணியல், திரவ இயக்கவியல், கணிதம், பொருட்களின் தன்மை. இப்போது உங்கள் பாடப்புத்தகத்தில் அவற்றோடு நேரடியாகச் சேரும் இரண்டு மூன்று அத்தியாயங்களைத் தேர்ந்தெடுங்கள். அந்த அத்தியாயத்தில் எது கடினமாக இருந்தது, எது எதோடு பொருந்தியது, அதை எங்கே பயன்படுத்திப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

நம் சென்னை மாணவி இப்படி எழுதலாம்: “வடிகாலுக்கு வரும் உச்ச நீரோட்டத்தைக் கணக்கிட, மழையின் தீவிரம், நிலப்பரப்பு, பெய்த மழையில் வழிந்தோடும் விகிதம் மூன்றையும் பெருக்கும் எளிய முறையைக் கற்றேன். சிமென்ட் தளத்துக்கு அந்த விகிதம் ஏறத்தாழ 0.9, புல்வெளிக்கு 0.2 அளவில் இருக்கலாம் என்று பார்த்ததும், தெருவில் மூன்று வீடுகள் தோட்டத்தைத் தளமாக்கியது ஏன் முக்கியம் என்பது எண்ணாகத் தெரிந்தது. இந்த முறை உச்சத்தை மட்டுமே சொல்கிறது. மொத்த நீரைச் சொல்வதில்லை. நீரோட்டத்தை நேரத்துக்கு எதிராக வரைந்து, கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பைப் பிளஸ் டூ தொகையிடல் கொண்டு கண்டேன்.”

பாருங்கள், கணிதத்தில் எத்தனை மதிப்பெண் என்று எங்கும் சொல்லவில்லை. ஆனால் தொகையிடல் என்றால் என்ன என்பது இவளுக்கு உள்ளபடியே தெரியும் என்பது தெரிந்துவிட்டது. ஒரு முறையின் வரம்பையும் தானே கண்டு சொல்கிறாள். துறை ஆசிரியர் அடிக்கோடு போடுவது அந்த வாக்கியத்துக்குத்தான்.

இந்தப் பதிலுக்கு 1400 முதல் 1700 கேரக்டர் தரலாம். மருத்துவம், வரலாறு, மொழியியல் எதுவானாலும் வழி இதுவே. வரலாற்றுக்கு விண்ணப்பிப்பவர், ஒரே நிகழ்வைப் பற்றி இரண்டு சான்றுகள் முரண்பட்டபோது எதை எப்படி நம்பினார் என்று எழுதலாம். உயிரியலுக்கு என்றால், ஆய்வகத்தில் எதிர்பார்த்த முடிவு ஏன் வரவில்லை என்று ஆராய்ந்தது, வெற்றிகரமான பத்துச் சோதனைகளைவிட அதிகம் பேசும். பாடத்தோடு தொடர்பில்லாத விருதுகளை, பள்ளித் தலைவர் பதவியை இங்கே கொண்டுவர வேண்டாம்.

மாநிலப் பாடத்திட்டம், சிபிஎஸ்இ, இலங்கையின் உயர்தரம் படிப்பவர்களுக்கு ஒரு சொல். உங்கள் பாடத்திட்டத்தில் நீண்ட கட்டுரையோ சுதந்திர ஆய்வோ இல்லை என்று தாழ்வாக நினைக்காதீர்கள். பாடத்திட்டம் தராததை நீங்களே தேடிப் போனீர்கள் என்பது இன்னும் வலுவான சான்று.

மூன்றாம் கேள்வி: வகுப்பறைக்கு வெளியே

கேள்வியின் பின்பாதியைப் பலரும் கவனிப்பதில்லை: ‘ஏன் பயனுள்ளவை?’ ஆகவே கராத்தே பெல்ட், பரதநாட்டிய அரங்கேற்றம், என்சிசி, கீபோர்டு கிரேடு என்று வரிசையாக அடுக்கினால் கேள்விக்குப் பாதிப் பதில்தான். அரங்கேற்றம் உங்கள் வாழ்வில் பெரிய நிகழ்வாக இருக்கலாம். இயற்பியல் படிப்புக்கு அது எப்படி உதவும் என்று நேர்மையாகச் சொல்ல முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். சொல்ல முடிந்தால் இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள்.

மறுபக்கம், நம் பிள்ளைகள் சொல்லவே தயங்கும் அனுபவங்கள்தான் இங்கே மிகவும் மதிப்புள்ளவை. மாமாவின் ஹார்டுவேர் கடையில் விடுமுறைக்கு நின்ற பையன், எந்த வேலைக்கு எந்த சிமென்ட் கேட்கிறார்கள், ஏன் சிலர் ஆற்றுமணலை விட்டு எம்-சாண்டுக்கு (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) மாறினார்கள் என்று தெரிந்துவைத்திருப்பான். அதை ‘வேலை அனுபவம்’ என்று அவன் எண்ணுவதே இல்லை. லண்டனில் பாட்டியோடு ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம் போய், டாக்டர் சொல்வதைத் தமிழிலும் பாட்டி சொல்வதை ஆங்கிலத்திலும் மாற்றிச் சொல்லும் பெண், ‘நெஞ்சு எரியுது’ என்பதற்கும் ‘நெஞ்சு வலிக்குது’ என்பதற்கும் இடையில் எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதைக் கண்டிருப்பாள். மருத்துவத்துக்கு அது அருமையான பொருள். அந்த வேறுபாடு தவறினால் என்ன ஆகும், நோயாளி எதைச் சொல்லத் தயங்கினார், டாக்டர் எப்படி மறுபடி கேட்டார் என்று எழுதட்டும். பெரிய மருத்துவமனையில் இரண்டு நாள் நின்று வேடிக்கை பார்த்ததைவிட, முதியோர் இல்லத்தில் பல வாரங்கள் உதவியதில் சொல்ல அதிகம் இருக்கும். நோயாளியை அடையாளம் காட்டும் எதையும் மட்டும் எழுதாதீர்கள். அது மருத்துவ மாணவருக்கு முதல் தகுதிக் குறைவாகப் படும்.

வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டது, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னது, பகுதிநேர வேலை எல்லாம் இங்கே வரலாம். நோய், இழப்பு, இடப்பெயர்வு போன்றவை மதிப்பெண்ணைப் பாதித்திருந்தால், அதை ஆசிரியரிடம் சொல்லி அவர் பரிந்துரையில் எழுதச் சொல்லுங்கள்; அதற்கென்றே பரிந்துரையில் தனிப் பகுதி இருக்கிறது. உங்கள் 4000 கேரக்டரை அதற்குச் செலவிட வேண்டியதில்லை.

எந்த அனுபவத்தை எந்தக் கேள்வியில் வைப்பது என்று ரொம்பக் கவலைப்பட வேண்டாம். மூன்று பதில்களையும் சேர்த்தேதான் படிப்பார்கள். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் சொல்லாமல் இருந்தால் போதும்.

வெட்டுவது

முதல் வரைவு 6000 கேரக்டர் வந்தால் நல்லது. வெட்ட இடம் இருக்கிறது என்று பொருள். முதலில் பாராட்டு அடைமொழிகளை எடுங்கள். அடுத்து, ‘இந்த அனுபவம் எனக்கு உணர்த்தியது என்னவென்றால்’ வகை முன்னோட்டங்கள் போகட்டும். உணர்ந்ததை நேராகச் சொல்லுங்கள். பிறகு, மூன்று எடுத்துக்காட்டு ஒரே கருத்தைச் சொன்னால் ஒன்றை வையுங்கள். கடைசியாக, ஒவ்வொரு வாக்கியத்தின் மீதும் கைவைத்துக் கேளுங்கள்: பக்கத்து வகுப்பு மாணவர் இதே வாக்கியத்தைத் தன் பெயரில் எழுத முடியுமா? முடியும் என்றால் அது போகலாம்.

ஆங்கிலம் எளிமையாக இருக்கட்டும். கடினமான சொற்களைத் தேடிச் செருகினால், பேசும் ஆங்கிலத்துக்கும் எழுதிய ஆங்கிலத்துக்கும் இடைவெளி தெரியும். ‘ரெஸ்பெக்டட் சார்’ தொடக்கமும் ‘நன்றியுடன்’ முடிவும் வேண்டாம், இது கடிதம் அல்ல. எழுத்துக்கூட்டல் பிரிட்டிஷ் முறையில் இருக்கட்டும். ஆங்கிலத்தை விட்டால் வெல்ஷ் மொழியில் மட்டுமே எழுத அனுமதி உண்டு.

வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ எழுதி, இடைவெளியோடு சேர்த்த கேரக்டர் எண்ணிக்கையைப் பாருங்கள். யூகாஸ் பக்கத்தில் ஒட்டும்போது தடித்த எழுத்து, சாய்வெழுத்து, புள்ளிப் பட்டியல் எதுவும் நிற்காது. ஒட்டிய பிறகு அந்தப் பக்கம் காட்டும் எண்ணிக்கையே முடிவானது. மேற்கோள் குறிகளும் நீள்கோடுகளும் சிதைந்திருக்கின்றனவா என்று ஒருமுறை முழுக்கப் படியுங்கள்.

பிறர் கை படுவது

இரண்டு பேர் படித்தால் போதும். ஒருவர் பாட ஆசிரியர். உண்மைப் பிழையைப் பிடிப்பார். இன்னொருவர் பாடம் தெரியாதவர். புரியாத இடத்தைப் பிடிப்பார். எட்டுப் பேரிடம் கொடுத்தால் எட்டுப் பேரும் ஒரு வாக்கியம் சேர்த்து, உங்கள் குரல் காணாமல் போகும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: படித்துப் பாருங்கள், கேள்வி கேளுங்கள், பேனாவைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.

காசு கொடுத்து எழுதி வாங்குவதும், நண்பரின் ஸ்டேட்மென்ட்டை மாற்றி எழுதுவதும் ஆபத்து. யூகாஸ் ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டையும் முந்தையவற்றோடு ஒப்பிடுகிறது. ஒற்றுமை கூடினால் உங்களுக்கும், நீங்கள் தேர்ந்தெடுத்த எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் தகவல் போகும். 2007இல் இந்தச் சோதனையில் 234 மருத்துவ விண்ணப்பதாரர்கள், எட்டாவது பிறந்தநாளில் பரிசாகக் கிடைத்த வேதியியல் பெட்டியால் பைஜாமாவில் ஓட்டை விழுந்த ஒரே கதையை எழுதியிருந்தது தெரியவந்தது. எல்லாரும் ஒரே மாதிரியிலிருந்து எடுத்தது அது.

சாட்ஜிபிடி போன்ற கருவிகளுக்கும் இதே நிலைதான். முழுதாகவோ பெரும் பகுதியாகவோ அதில் எழுத வைத்துத் தன் எழுத்தாகக் கொடுப்பதைப் பல்கலைக்கழகங்கள் ஏமாற்றாகக் கருதலாம் என்று யூகாஸ் சொல்கிறது. இது சொந்த எழுத்து என்று நீங்கள் உறுதியளித்துத்தான் அனுப்புகிறீர்கள். கேரக்டரைச் சுருக்கவோ இலக்கணம் பார்க்கவோ உதவி கேட்பது வேறு. ஆனால் அந்தக் கருவிக்கு உங்கள் தெருவின் மட்டம் தெரியாது. கேட்டால் வியப்பு, கனவு, சேவை என்றுதான் எழுதித் தரும்.

நாள் கணக்கு

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், பெரும்பாலான மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவப் படிப்புகளுக்குக் கடைசி நாள் அக்டோபர் 15, பிரிட்டன் நேரம் மாலை 6 மணி. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் அது இரவு 10.30. பிற படிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஜனவரி நடுவில். 2026 சேர்க்கைக்கு அது ஜனவரி 14. அப்போது பிரிட்டனில் குளிர்கால நேரம் என்பதால் நமக்கு இரவு 11.30. அந்த மணிக்கு அனுப்பும் அளவுக்கு யாரும் போகக் கூடாது, ஏனென்றால் ஆசிரியரின் பரிந்துரையும் உள்ளே இருந்தால்தான் விண்ணப்பம் நகரும். பல பள்ளிகள் சில வாரங்களுக்கு முன்பே தங்களுக்கென ஒரு நாளை வைத்துவிடும். அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அக்டோபருக்கு என்றால் ஜூனில் நோட்டு, ஜூலை முடிவில் முதல் வரைவு, ஆகஸ்டில் வெட்டுவது, செப்டம்பர் தொடக்கத்தில் ஆசிரியர் கையில். ஜனவரிக்கு என்றால் இதை இரண்டு மாதம் தள்ளிக்கொள்ளலாம். ஆனால் தமிழ்நாட்டில் அரையாண்டுத் தேர்வும் பிளஸ் டூ செய்முறைப் பயிற்சியும் அப்போதுதான் நெருக்கும். காலாண்டு விடுமுறைக்குள் முடித்துவிடுவதே நிம்மதி.

அனுப்பிய பிறகு ஸ்டேட்மென்ட்டில் ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது. அனுப்பும் முன் ஒரு பிரதியை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்போர்டு நேர்காணல் டிசம்பரில் வரும். மருத்துவக் கல்லூரிகளும் நேர்காணலுக்கு அழைக்கும். அங்கே நீங்கள் எழுதிய எந்த வரியிலிருந்தும் கேள்வி வரலாம். வழிந்தோடும் விகிதம் 0.9 என்று எழுதியிருந்தால், அது ஏன் 1 ஆக இல்லை என்று கேட்பார்கள். அந்த அச்சுப் பிரதியின் ஓரத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இப்படி ஒரு கேள்வியை நீங்களே எழுதி, பதிலையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.